250 ஓகே!

பைதான் படிக்க ஆரம்பிக்கும் எல்லோருக்கும் கொஞ்ச நாளில் ஓர் ஆசை வரும். நிரலிலிருந்தே மின்னஞ்சல் அனுப்ப முடியுமா? கூட்டல் கணக்குப் போடுகிற நிரலும், பெயரைத் திருப்பிப் போடுகிற நிரலும் திரைக்குள்ளேயே முடிந்துவிடும். மின்னஞ்சல் அப்படியில்லை. இங்கே ஒரு பொத்தானைத் தட்டினால் எங்கோ ஒருவர் சட்டைப் பையில் இருக்கும் போன் 'டிங்' என்று ஒலிக்கும். அந்த 'டிங்'குக்குத்தான் இவ்வளவு ஆசை.

இது அப்படி ஆசைப்பட்ட ஒரு மாணவனின் கதை. கணினி அறிவியல், இறுதியாண்டு, ஹாஸ்டல்வாசி. பெயர் வேண்டாம். கல்லூரியின் பெயரும் வேண்டாம். நடந்தது 2023 ஆகஸ்டில். மெயில் சர்வரோடு எப்படிப் பேசுவது என்பதும் கதையோடு சேர்ந்தே வரும். புராஜெக்ட் செய்பவர்களுக்கு உதவலாம். செய்யாதவர்கள் கதையை மட்டும் படித்துக் கொள்ளலாம் :-)

புராஜெக்ட்

தலைப்பு எளிமையானது. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பெற்றோருக்குத் தானாக ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். எக்செல் கோப்பைப் படிப்பது, சதவீதம் பார்ப்பது, கடிதம் தயாரிப்பது எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. கடைசியில் பாக்கி இருந்தது அனுப்புவது மட்டும்தான். "அது அஞ்சு வரிதாண்டா" என்றார்கள் நண்பர்கள்.

உண்மைதான், அஞ்சு வரிதான். பைதானோடே வரும் எஸ்எம்டிபிலிப் என்ற லைப்ரரியை அழைக்க வேண்டும். சர்வர் பெயரையும் போர்ட் எண்ணையும் கொடுக்க வேண்டும். லாகின் செய்ய வேண்டும். கடிதத்தைக் கொடுக்க வேண்டும். விடைபெற வேண்டும். அந்த ஐந்து வரிக்கு அவனுக்குப் பதினோரு நாள் பிடித்தது.

கதவு எண் 25

பழைய பாடப் புத்தகத்தில் போர்ட் 25 என்று இருந்தது. போட்டான். நிரல் அப்படியே நின்றது. திட்டவும் இல்லை, திரும்பவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து 'நேரம் முடிந்தது' என்று ஒரு பிழைச் செய்தி. மறுபடி ஓட்டினான், மறுபடி அதே. மூன்று நாள் இப்படியே போனது. தப்பு நிரலில் இருக்கிறது என்று நினைத்து எழுதியதை எல்லாம் அழித்து அழித்து எழுதினான்.

லேப் அசிஸ்டென்ட் அண்ணாதான் கண்டுபிடித்தார். "தம்பி, 25ஐ இங்க வெளிய விடமாட்டாங்க. 587 போட்டுப் பாரு."

எதற்காக அடைத்து வைக்கிறார்கள்? அதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

எஸ்எம்டிபி என்பது மின்னஞ்சலை ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குத் தள்ளிவிடும் முறை. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் அதை ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக வெளியிட்டார். அந்த ஆவணத்தில் கடவுச்சொல் என்ற பேச்சே கிடையாது. "நான் இன்னார், இன்னாருக்குக் கடிதம் கொண்டு வந்திருக்கிறேன்" என்று யார் சொன்னாலும் சர்வர் வாங்கிக் கொள்ளும். அன்று வலையில் இருந்தவை பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள், ராணுவக் கணினிகள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். திண்ணை வைத்த வீடு மாதிரி.

வழிப்போக்கர்கள் பெருகியதும் திண்ணை தாங்கவில்லை. அதற்கு முன்பே, 1978 மே மாதம், கேரி துர்க் என்ற விற்பனையாளர் தன் கம்பெனிக் கணினிக்கு விளம்பரமாக ஆர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே மடலைத் தள்ளியிருந்தார். அதுதான் முதல் குப்பை மடல் என்று சொல்கிறார்கள். தொண்ணூறுகளில் அது வெள்ளமாகிவிட்டது. வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் கூட, சொந்தக்காரருக்கே தெரியாமல் 25 வழியாகக் குப்பை அனுப்பின. அதனால் பல இணைய நிறுவனங்களும் கல்லூரி வலைகளும் வெளியே போகும் 25ஐ மூடி வைத்தன. சர்வருக்கும் சர்வருக்கும் நடுவில் மட்டும் அது இன்றும் திறந்திருக்கிறது.

பயனாளர்களுக்கு என்று தனி வாசல் 587. 1998இல் வந்தது. கடவுச்சொல் கேட்கும் வழக்கமும், ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று சொல்லிப் பேச்சை நடுவிலிருந்து பூட்டிக் கொள்ளும் வழக்கமும் 1999இல் ஆவணமாயின. 465 என்று இன்னொரு வாசல் உண்டு. அதில் முதல் எழுத்திலிருந்தே பூட்டிய பேச்சுதான். நடுவில் சில காலம் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டிருந்த அந்த வாசலை 2018இல் திரும்பச் சேர்த்துக் கொண்டார்கள். பைதானில் 465க்கு எஸ்எம்டிபி எஸ்எஸ்எல் என்ற வகுப்பு, 587க்கு சாதாரண எஸ்எம்டிபி வகுப்போடு ஸ்டார்ட்டிஎல்எஸ். இதை மாற்றிப் போட்டால் 'பதிப்பு எண் தவறு' என்று புரியாத ஒரு பிழை வரும். அவனுக்கும் வந்தது. ஒரு நாள் அதில் போனது.

ஸ்டார்ட்டிஎல்எஸ் வரியில் எஸ்எஸ்எல் தொகுதியின் 'க்ரியேட் டிஃபால்ட் கான்டெக்ஸ்ட்' என்பதையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. எதிரில் இருப்பது சரியான சர்வர்தானா என்று அப்போதுதான் சான்றிதழைப் பார்ப்பார்கள். பூட்டு இருந்தால் மட்டும் போதாது, பூட்டிய அறைக்குள் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்றும் தெரிய வேண்டுமே.

535

587 திறந்தது. அடுத்த சுவர் லாகின். சரியான கடவுச்சொல்தான், ஆனாலும் 535. 'பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படவில்லை.' பத்துத் தடவை பார்த்துப் பார்த்துத் தட்டினான். 535.

தவறு அவன் படித்த குறிப்புகளில் இருந்தது. எல்லாமே பழையவை. வெறும் கடவுச்சொல்லை வைத்து நிரல்கள் உள்ளே வரும் வசதியைத் தனிநபர் கணக்குகளுக்கு ஜிமெயில் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுக் கொண்டு, அதன் பிறகு 'ஆப் பாஸ்வேர்ட்' என்று 16 எழுத்தில் ஒன்றை வாங்க வேண்டும். நிரலுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்துவிடலாம். வீட்டுச் சாவியைக் கொடுக்காமல் மாடியறைச் சாவியை மட்டும் கொடுக்கிற மாதிரி.

பதினோராம் நாள் சாயங்காலம் 16 எழுத்தையும் போட்டு ஓட்டினான். 235, ஏற்கப்பட்டது! லேப்பில் அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து பெஞ்ச் பெண் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு பேர் பேசிக் கொள்வது

அந்த லைப்ரரியில் 'செட் டீபக் லெவல்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதற்கு 1 என்று கொடுத்தால் நிரலும் சர்வரும் பேசிக் கொள்வது முழுக்கத் திரையில் ஓடும். ஒருமுறையாவது பார்க்க வேண்டிய காட்சி.

முதலில் பேசுவது சர்வர். 220, அதாவது 'வாங்க, தயார்'. நிரல் 'எஹ்லோ' என்று சொல்லித் தன் பெயரைச் சொல்லும். (1982இல் அது 'ஹெலோ'வாக இருந்தது. கூடுதல் வசதிகள் வந்தபோது 1993இல் 'எஹ்லோ' ஆனது.) சர்வர் தனக்கு என்னென்ன தெரியும் என்று பட்டியல் போடும். பூட்டிக் கொள்ளலாமா என்று இது கேட்கும், 220 என்று அது சம்மதிக்கும். பூட்டியதும் மறுபடி முதலிலிருந்து ஒரு எஹ்லோ. பூட்டுவதற்கு முன் சொன்னதை நம்பக் கூடாது என்பது விதி. பிறகு லாகின், 235.

அப்புறம்தான் கடிதம். 'மெயில் ஃப்ரம்', யாரிடமிருந்து? 250. 'ஆர்சிபிடி டூ', யாருக்கு? 250. 'டேட்டா', கடிதத்தைப் படிக்கட்டுமா? 354, படி. கடிதம் முழுக்கப் போகும். கடைசியில் ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும். அதுதான் முற்றும். சர்வர் ஒரு விநாடி யோசித்துவிட்டு, 250 ஓகே!

(எச்சரிக்கை: லாகின் வரியும் அதே திரையில்தான் ஓடும். பேஸ்64 வடிவில் புரியாத எழுத்து மாதிரி இருக்கும். அது மறையெழுத்து இல்லை, யார் வேண்டுமானாலும் திருப்பிப் படித்துவிடலாம். நண்பர்களுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பும் முன் அந்த வரியை அழித்துவிடுங்கள்.)

அந்த 250 அவனுக்கு அவ்வளவு பிடித்துப் போனது. மூன்று நாள் மௌனத்துக்கும், ஐந்து நாள் 535க்கும் பிறகு ஒரு சர்வர் 'ஓகே' என்கிறதே! தனக்குத் தானே ஏழெட்டு மடல் அனுப்பிப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் 250. ஒவ்வொன்றுக்கும் 'டிங்'.

அந்த ராத்திரி

மறுநாள் டெமோ. ராத்திரி பத்தரை மணி, ஹாஸ்டல் அறை. ஒரு மடல் போகிறது சரி, பல மடல் போகுமா என்று பார்க்க வேண்டும். வகுப்பின் பட்டியல் கையில் இருந்தது, 63 பேர். அதில் வருகை சதவீதம் எல்லாம் எண்பது, தொண்ணூறு என்று இருந்தது. அப்படியே ஓட்டினால் நாலைந்து பேருக்குத்தான் மடல் போகும், சோதனைக்குப் போதாது. அதனால் கோப்பைப் பிரதி எடுத்து, சதவீதம் உள்ள பத்தியில் 50க்கும் 74க்கும் நடுவே கண்டபடி எண்களை நிரப்பினான். கோப்புக்கு 'டெஸ்ட்' என்று பெயர் வைத்தான்.

பெயர்களை மாற்றவில்லை. சோதனைதானே. பெற்றோர் மின்னஞ்சல் பத்தியையும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஓட்டினான். திரை ஓடியது. மெயில் ஃப்ரம், 250. ஆர்சிபிடி டூ, 250. டேட்டா, 354. புள்ளி. 250 ஓகே. அடுத்தது. இணைப்பு ஒன்றுதான், கடிதங்கள் மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக. பிசிறில்லாமல் போய்க் கொண்டிருந்தது. அவன் நாற்காலியில் சாய்ந்து, கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக் கொண்டு 250களை மட்டும் ரசித்துப் பார்த்துக் கொண்டிருந்தான்.

எதேச்சையாக ஓர் 'ஆர்சிபிடி டூ' வரியில் கண் போனது. அந்த முகவரி தெரிந்த முகவரி. கீழ் மாடியில் தூங்கிக் கொண்டிருக்கும் நண்பனுடைய அப்பாவின் பெயர்.

கன்ட்ரோல் சி அடித்தான். நிரல் நின்றது. எண்ணிப் பார்த்தான். 38.

ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்ப எடுக்கும் பொத்தான் உண்டே என்று சிலர் நினைக்கலாம். அது திரும்ப எடுப்பதே இல்லை. அதிகபட்சம் 30 விநாடி அனுப்பாமல் கையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எஸ்எம்டிபியில் அதுவும் கிடையாது. புள்ளிக்குப் பிறகு வரும் 250க்கு அர்த்தம் 'சரி' மட்டுமல்ல. 'இனி இந்தக் கடிதம் என் பொறுப்பு' என்று அர்த்தம். இப்போது நடைமுறையில் இருக்கும் 2008ஆம் ஆண்டு ஆவணமான ஆர்எஃப்சி 5321 அதைத் தெளிவாகவே சொல்கிறது. 250 சொல்லிவிட்ட சர்வர் கடிதத்தைச் சேர்க்க வேண்டும், அல்லது சேர்க்க முடியவில்லை என்று அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். நடுவில் தான் விழுந்து எழுந்தாலும் தொலைத்துவிடக் கூடாது. அவ்வளவு நேரம் அவன் ரசித்துக் கொண்டிருந்தது 38 வாக்குறுதிகளை.

இன்னொரு லைப்ரரி

கை நடுக்கத்தோடு அவன் அடுத்து திறந்தது ஐமேப்லிப். எஸ்எம்டிபி தள்ளுவதற்கு மட்டும். பெட்டியைத் திறந்து படிக்க ஐமேப், போர்ட் 993. எத்தனை மடல் போகாமல் திரும்பின என்று பார்க்க வேண்டும். மெயிலைப் பிரவுசரிலேயே திறந்து பார்த்திருக்கலாம். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

நான்கு திரும்பியிருந்தன, முகவரி இல்லை என்று. அப்படியானால் 34 போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த நான்குக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு மடல். சர்வரிடமிருந்து அல்ல. உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக நான்கைந்து வரி. பேஸ்64.

1982இன் மின்னஞ்சலுக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும். மற்ற மொழிகளையும் படங்களையும் அதே எழுத்துகளுக்குள் மடித்து அனுப்பும் மைம் என்ற வழி 1992இல் வந்தது. யூடிஎஃப்-8இல் 'அம்மா' என்று எழுதினால் 15 பைட். அதை பேஸ்64இல் மடித்தால் 20 எழுத்து. போய்ச் சேரும் இடத்தில் பிரித்து 'அம்மா' ஆக்கிக் காட்டுவார்கள். ஐமேப்லிப் பிரித்துத் தராது, வந்ததை வந்தபடியே கொடுக்கும். பிரிக்க 'ஈமெயில்' என்ற இன்னொரு தொகுதி வேண்டும்.

அவன் பிரித்தான். புரியாத எழுத்துகள் தமிழாயின.

"ஐயா வணக்கம். என் மகன் தினமும் காலேஜ் போகிறான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். தவறு இருந்தால் மன்னித்துப் பரீட்சை எழுத விடுங்கள். காலையில் நேரில் வருகிறேன்."

கீழ் மாடி நண்பனின் அப்பா.

பட்டியலில் போன் நம்பரும் இருந்தது. அடித்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கீழே ஓடிப் போய் நண்பனை எழுப்பினான். அவன் போன் சைலன்ட்டில் கிடந்தது, வீட்டிலிருந்து 11 மிஸ்டு கால். "எங்கப்பா ராத்திரி படுக்கும்போது ஸ்விட்ச் ஆஃப் பண்ணிடுவாருடா. வீட்ல ஒரே போன்தான். காலைல நாலு மணிக்கு முதல் பஸ்" என்றான் நண்பன். ஊர் நான்கு மணி நேரத் தொலைவு.

அப்போதே எல்லோருக்கும் ஒரு மறுப்பு மடலைத் தன் பெயரில் கையால் தட்டி அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. முதல் மடல் 'கல்லூரி அலுவலகம்' என்ற பெயரில் போயிருக்கிறது. கடிதத்தில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் காட்டும் பெயராக அதைத்தான் நிரலில் எழுதியிருந்தான். முகவரி அவனுடையதுதான், ஆனால் போனில் முதலில் தெரிவது பெயர்தான். இரண்டாவது மடல் யாரோ ஒரு பையன் பெயரில். பெற்றோர் எதை நம்புவார்கள்?

அனுப்புநரைச் சரிபார்க்கக் காவலர்களே இல்லையா? இருக்கிறார்கள். எந்த சர்வர் இந்த டொமைனுக்காக அனுப்பலாம் என்று பார்க்கும் எஸ்பிஎஃப் 2006இலும், கடிதத்தில் டிஜிட்டல் முத்திரை குத்தும் டிகேஐஎம் 2007இலும், இரண்டையும் 'அனுப்புநர்' வரியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டிமார்க் 2015இலும் ஆவணமாக வந்தன. ஆனால் அவர்கள் பார்ப்பது டொமைனை. பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரை அல்ல. அவன் ஒழுங்காக லாகின் செய்து, சொந்த முகவரியிலிருந்து அனுப்பியிருக்கிறான். மூன்று காவலர்களும் சல்யூட் அடித்து வழிவிட்டிருப்பார்கள்.

ஹாஸ்டல் வாசல்

காலை எட்டேகால். ஒல்லியான மனிதர். ஊரில் சின்ன சைக்கிள் கடை. கையில் மஞ்சள் பை. மின்னஞ்சல் முகவரியே மகன் கவுன்சிலிங் விண்ணப்பத்துக்காக உண்டாக்கிக் கொடுத்ததுதான். இருவரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். மகனைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பரீட்சை எழுத விடுவாங்களாடா?"

மகன் பேசவில்லை. இவன்தான் பேசினான்.

"அப்பா, அது பொய். இவனுக்கு 91 பர்சன்ட் இருக்கு. அந்த லெட்டர நான்தாம்பா அனுப்புனேன். டெஸ்ட் பண்ணும்போது தப்பாப் போயிடுச்சு."

"டெஸ்ட்டுனா, பரீட்சையா?"

"இல்லப்பா. நாங்க எழுதுன புரோகிராம் வேலை செய்யுதான்னு பாக்குறது."

அவர் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார்.

"வேலை செஞ்சிருக்கு தம்பி" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. தனக்கு வந்த சந்தேகத்தைத் தீர்த்துக் கொண்ட மாதிரிதான் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து, எண்ணாமல், மஞ்சள் பைக்குள் மாற்றி வைத்தார். மூவாயிரம் ரூபாய். அபராதம் கட்டச் சொன்னால் கட்டிவிடலாம் என்று ராத்திரியே பக்கத்துக் கடையில் கைமாற்றாக வாங்கி வந்தது. கேன்டீனில் மூவரும் இட்லி சாப்பிட்டார்கள். கடையை அடைத்துவிட்டு வந்திருப்பதாகச் சொல்லி பதினோரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பஸ் கட்டணம் தருவதாக இவன் சொன்னதற்கு, "போய்ப் படி தம்பி" என்பதோடு சரி.

34 போன் கால்

மீதி வீடுகளுக்கு அவன் போன் செய்தான். மெயில் இல்லை, லூப் இல்லை. ஒரு நோட்டில் பெயர்களை எழுதி வைத்துக் கொண்டு ஒவ்வொன்றாக. மத்தியானம் வரை ஆனது.

21 வீட்டில் மடலைப் பார்க்கவே இல்லை. பார்த்த வீடுகளில் சிலர் சிரித்தார்கள். ஓர் அப்பா கல்லூரி மேல் வழக்குப் போடுவதாகச் சொன்னார். ஓர் அம்மா, "பொய்யா இருந்தா சந்தோஷம்ப்பா. ஆனா பையன் நெஜமாவே ஒழுங்கா போறானா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை போனை வைக்கவில்லை. மூன்று பேர் விஷயத்தில் மட்டும் மடல் பொய்யே இல்லை. கண்டபடி போட்ட எண்ணும் உண்மையான எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. அந்த மூன்று பேர் பல வாரம் அவனோடு பேசவில்லை!

துறைத் தலைவரிடம் அவனே போய்ச் சொன்னான். அவர் முழுக்கக் கேட்டார். டெமோவை ரத்து செய்யவில்லை, இரண்டு வாரம் தள்ளி வைத்தார். ஒரே ஒரு நிபந்தனை. "இந்த புரோகிராம் தப்பா ஓட முடியாதுன்னு எனக்குக் காட்டணும். ஓடும்னு காட்ட வேண்டாம், அது ஊருக்கே தெரிஞ்சு போச்சு."

யாருக்கும் போகாத 250

வழி சொன்னது மறுபடியும் லேப் அண்ணாதான். "தம்பி, டெஸ்ட்டுக்குன்னு பொய் சர்வர் இருக்கே, தெரியாதா?"

பைதானோடே அப்போது எஸ்எம்டிபிடி என்று ஒரு தொகுதி வந்து கொண்டிருந்தது. ஒரே ஒரு வரி ஆணையில் சொந்தக் கணினியிலேயே, 127.0.0.1இல், போர்ட் 1025இல் ஒரு சர்வர் எழுந்து நிற்கும். எஹ்லோ சொன்னால் பதில் சொல்லும். கடிதம் கொடுத்தால் 250 சொல்லி வாங்கிக் கொள்ளும். வாங்கித் திரையில் அச்சிட்டுவிட்டு மறந்துவிடும். யாருக்கும் போகாது. 2023 அக்டோபரில் வந்த பைதான் 3.12இல் அந்தத் தொகுதியை நீக்கிவிட்டார்கள். இப்போது அதே வேலைக்கு ஏஐஓஎஸ்எம்டிபிடி என்பதைத் தனியாக நிறுவிக் கொள்ள வேண்டும். அதையும் ஒரே வரியில் எழுப்பலாம். அதற்குத் தானாக அமையும் போர்ட் 8025.

சோதனை முகவரிகளுக்கும் வழி இருக்கிறது. 'எக்ஸாம்பிள் டாட் காம்' என்ற டொமைனை உதாரணங்களுக்காக என்றே 1999இல் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அதில் எந்தப் பெற்றோரும் இல்லை. சோதனைக் கோப்பில் மாற்ற வேண்டிய முதல் பத்தி முகவரிப் பத்திதான்.

அவன் நிரலைத் திருப்பி எழுதினான். எதுவும் சொல்லாமல் ஓட்டினால் பொய் சர்வருக்குத்தான் போகும். உண்மையாக அனுப்ப வேண்டுமானால் தனியாகச் சொல்ல வேண்டும். சொன்னாலும் உடனே அனுப்பாது. 'எந்த சர்வர், எத்தனை பேர், யார் பெயரில்' என்று திரையில் காட்டிவிட்டு நிற்கும். எத்தனை பேர் என்ற எண்ணை ஆளே தட்டினால்தான் நகரும். காட்டும் பெயரில் இருந்த 'கல்லூரி அலுவலகம்' என்பதை எடுத்துவிட்டு, 'வருகைப் பதிவு - மாணவர் புராஜெக்ட்' என்று போட்டான். இத்தனையும் சேர்த்து ஐந்து வரி நாற்பது வரியானது.

டெமோவில் தேர்வாளர் ஒருவர் கேட்டார். "அனுப்புறதுக்கு முன்னாடி இவ்வளவு கேள்வி கேக்குதே. யூசருக்கு எரிச்சலா இருக்காதா?"

"இருக்கும் சார்" என்றான் அவன்.

பிறகு நிரலை ஓட்டினான். திரையில் மெயில் ஃப்ரம், ஆர்சிபிடி டூ, டேட்டா, புள்ளி, 250 ஓகே. பொய் சர்வர்தான், பொய் முகவரிதான். ஆனாலும் அந்த எண் வந்ததும், கை தானாகப் போய் ஆர்சிபிடி வரியை இன்னொரு முறை படித்துப் பார்த்துக் கொண்டது.